வீட்டிலே மாட்டுக்கறி

வடுகபட்டிச் சந்தையில் வாங்கிய பூண்டைப் பகிரங்கமாய்த் தூக்கிக்கொண்டு போகிற தோழர், மாட்டுக்கறியை மாத்திரம் பைக்குள் ஒளிப்பானேன்? ஆசாரத்திற்கு விரோதமாம்! அந்த ஆசாரக்காரர் தின்னும் உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவை. மாட்டுக்கறியோ அகநானூற்றுக் காலத்திலேயே இங்கு தின்னப்பட்டது. இதில் எது அந்நியம்?

மாட்டுக்கறி தின்றதே தீண்டாமைக்கு வேராயிற்று என்று 1948-ல் அம்பேத்கர் எழுதினார். அறுப்புக்கு மாடு விற்பதைச் சந்தையில் தடுக்க மத்திய சர்க்கார் 2017 மே மாதம் விதி செய்தது. அம்மாதமே ஐகோர்ட்டின் மதுரைக் கிளை அதை நிறுத்தி வைத்தது. ஆனால் வீட்டு அடுப்பில் நாமே போட்டுக்கொண்ட தடையை எந்தக் கோர்ட்டு நீக்கும்?

ஆகவே இன்று இராத்திரியே சமையுங்கள். ஆண்பிள்ளைகளே செய்யலாம், மீசை கருகிவிடாது. கறியை நாருக்குக் குறுக்கே மெல்லிசாய் அரியுங்கள். கிழமாட்டுக் கறியானால் அரைத்த பப்பாளிக்காயைச் சற்று நேரம் தடவி வைத்தால் இளகும். பிறகு ஈரத்தைத் துடைத்து, உப்பும் மிளகும் தடவி, நன்றாய்க் காய்ந்த இரும்புக் கல்லில் போடுங்கள். ஈரமிருந்தால் வேகுமேயொழியச் சிவக்காது. பூண்டு கடைசியில், முந்தினால் கருகிக் கசக்கும். விரல்போல் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கோடு ஒரே வட்டிலில் கொட்டினால் வயிறாரச் சாப்பாடு.

வாசனை அடுத்த வீட்டுக்குப் போகுமென்பார்கள். பூண்டு நெடிக்குப் பயந்து வடுகபட்டியில் யார் கதவைச் சாத்தினார்கள்?