சுமை வண்டி முதலில், டிராக்டர் பிறகு!

பாபநாசம் வட்டாரத்தில் அறுத்த நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் சிறு விவசாயிக்குக் கையைக் கடித்து விடுகிறது. அறுவடை இயந்திர வாடகை ஒருபுறம், மூட்டை ஏற்றும் வண்டி வாடகை மறுபுறம். டீசல் சில ஆண்டுகளாகவே லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் நிற்கிறது. வண்டிக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. அவருடைய வண்டி பழையது. புகை கக்குகிறது, டீசலையும் குடிக்கிறது. அந்தச் செலவு கடைசியில் நம் தலையில்தான் விடிகிறது.

பழைய டீசல் வண்டிகளைக் கழித்துவிட்டு மின்சார வண்டிகளையும், எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் 'ஹைபிரிட்' வண்டிகளையும் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு இப்போது பலமாக இருக்கிறது. 15 ஆண்டுகளைத் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. நாளை இது நம் வாசலுக்கும் வரலாம். மாற்றம் நல்லதே. எதை முதலில் மாற்றுவது, யார் பணத்தில் மாற்றுவது என்பதுதான் கேள்வி.

ஆயில் எஞ்சின் தந்த பாடம்

நமக்கு இது புதிதல்ல. வடிமுனைக் குழாய் இறக்கி, ஆயில் எஞ்சின் வைத்துக் குறுவை நாற்றைக் காப்பாற்றியவர்கள் நாம். மின் இணைப்பு கிடைத்ததும் எஞ்சினைக் கழற்றி மோட்டார் மாட்டினோம். 1990-ல் விவசாய பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரமும் வந்தது. யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. கம்பியும் கடனும் வந்தன, கணக்கும் கட்டுபடியானது. வண்டி விஷயத்திலும் அதே வழிதான் சரி.

கணக்குப் பார்ப்போம்

2022-ல் அறிமுகமான டாட்டா ஏஸ் மின்சார வண்டி 600 கிலோ சுமக்கும். கொள்முதல் நிலையக் கணக்குப்படி 40 கிலோ மூட்டையாக 15 மூட்டை. ஏக்கருக்கு 50 மூட்டை கண்டால் நான்கு நடை. 2024-ல் 1,000 கிலோ சுமக்கும் வண்டியும் வந்தது. அதில் 25 மூட்டை, இரண்டே நடை.

முதலில் வந்த வண்டியின் பேட்டரிக்கு முழுதாக மின்னேற்றச் சுமார் 21 யூனிட் தேவை. யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும், சேதாரம் சேர்த்து 250 ரூபாய்க்குள் அடங்கும். சுமையோடு 100 கிலோமீட்டர் ஓடினாலே போதும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் வண்டிக்கு அதே தூரத்துக்கு 600 ரூபாய் ஆகிவிடும். நம் வண்டிகள் போவதோ களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு. வாழைத்தாரும் வெற்றிலையும் ஏற்றினால் கும்பகோணத்துக்கு. குறுகிய தூரம், மேடில்லாத சாலை. மின்சார வண்டிக்கு இதைவிடத் தோதான ஊர் உண்டா?

டிராக்டருக்கு அவசரம் வேண்டாம்

டிராக்டர் கதை வேறு. 2020 டிசம்பரில் சோனாலிகா நிறுவனம் மின்சார டிராக்டரை வெளியிட்டது. அது சிறிய ரகம். வீட்டு மின்சாரத்தில் மின்னேற்ற 10 மணி நேரம் ஆகும் என்றார்கள். கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு செய்ய, பொழுதெல்லாம் இழுக்கும் பலம் வேண்டும். காவிரித் தண்ணீர் வந்த பத்து நாளில் ஊர் முழுக்க உழுதாக வேண்டும். அப்போது பேட்டரி ஏறட்டும் என்று காத்திருக்க முடியாது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து டெல்டாவில் பல நாள் மின்சாரமின்றித் தவித்ததையும் மறக்கலாகாது. உழவுக்கும் ஆபத்துக் காலத்துக்கும் டீசல் இன்னும் சில காலம் இருக்கட்டும். மின்சாரம் இல்லாத நேரத்தில் எஞ்சினில் ஓடும் ஹைபிரிட் டிராக்டர் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் அதைப் பார்த்துக் கொள்ளலாம்.

சங்கம் வாங்கட்டும்

மின்சார வண்டியின் விலை அதிகம். இரண்டு ஏக்கர்க்காரர் தனியாக வாங்கினால் கடனாளியாவார். ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வாங்கி வாடகைக்கு விடலாம். டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் வேளாண் பொறியியல் துறை வாடகைக்குத் தருகிறதே, அதுபோல.

2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மூன்று சக்கர மின்சாரச் சுமை வண்டிக்கு மானியம் வைத்தார்கள். சிறிய நான்கு சக்கர வண்டிக்கு இடம் தரவில்லை. நெல் மூட்டை ஏற்றுகிறவனுக்கு வேண்டியது அதுதான். அரசு இந்தக் குறையை நீக்கிச் சங்கங்களுக்கு மானியமும், நீண்ட தவணைக் கடனும், கொள்முதல் நிலையத்துக்கு அருகில் மின்னேற்றும் இடமும் தர வேண்டும். விவசாய இலவச இணைப்பில் வண்டியைச் செருகிவிடலாம் என்று நாமும் எண்ணக் கூடாது. அது பாசனத்துக்குத் தந்த மின்சாரம்.

இவை வருமுன் பழைய வண்டிகளை ஒரே உத்தரவில் ஓரங்கட்டினால், மிஞ்சிய வண்டிகளின் வாடகைதான் ஏறும். முதலில் சங்கத்துக்கு ஒரு வண்டி வரட்டும். ஒரு சம்பா அறுவடைக்கு அது ஓடட்டும். வாடகை குறைந்தது என்று கண்டால், விவசாயி தானே டீசலை விடுவார். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை நாமே எழுப்புவோம்.