பன்னிரண்டு இன்னிங்ஸ் போதாதாம்!

கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம். பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், ஆக மொத்தம் 27. பேட்டர் பந்தை அடித்துவிட்டு ஓடி, அவுட் ஆகாமல் பேஸைத் தொட்டுவிட்டால் அது 'ஹிட்'. எதிரணிக்கு ஒரு ஹிட் கூட கிடைக்காமல் ஆட்டம் முடிந்தால் 'நோ-ஹிட்டர்'. ஒரே ஒரு ஆளைக்கூட எந்த வழியிலும் பேஸ் பக்கம் விடவில்லை என்றால் அது 'பெர்ஃபெக்ட் கேம்'.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

1959 மே 26, மில்வாக்கி நகரம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காகப் பந்து வீசினார் ஹார்வி ஹாடிக்ஸ். எதிரே ஹாங்க் ஆரன், எடி மேத்யூஸ் எல்லாம் ஆடிய பலமான பிரேவ்ஸ் அணி. வந்த 36 பேரும் வரிசையாக அவுட்! ஒன்பது இல்லை, பன்னிரண்டு இன்னிங்ஸ் பெர்ஃபெக்ட். கொடுமை என்னவென்றால், அவருடைய அணி 12 ஹிட் அடித்தும் ஒரு ரன் கூட எடுக்கவில்லை. 13வது இன்னிங்ஸில் ஃபீல்டர் ஒருவர் செய்த தவறால் முதல் ஆள் பேஸுக்குப் போனார். பிறகு ஜோ ஆட்காக் ஒரு அடி அடித்தார். 1-0, தோல்வி.

இருந்தாலும் முப்பது வருடங்களுக்கு மேல் அந்த ஆட்டம் பெர்ஃபெக்ட் கேம் பட்டியலில் இருந்தது. 1991ல் கமிஷனர் ஃபே வின்சென்ட் தலைமையில் ஒரு குழு கூடியது. குறைந்தது ஒன்பது இன்னிங்ஸ் வீசி, ஆட்டம் முடியும்வரை ஹிட் இல்லாமல் இருந்தால்தான் நோ-ஹிட்டர் என்று முடிவு செய்தது. சுமார் 50 ஆட்டங்கள் பட்டியலில் இருந்து காலி. ஹாடிக்ஸின் ஆட்டமும் போனது. 1994ல் இறந்துபோன அந்த மனிதர் இதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

"மழையில் ஐந்து இன்னிங்ஸோடு நின்ற ஆட்டத்தையும் முழு ஆட்டத்தையும் ஒன்றாக வைக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டி ஹாக்கின்ஸ் கதை மழைக் கதை இல்லையே! 1990 ஜூலை 1, சிகாகோ. யாங்கீஸ் பிட்சரான அவர் ஒரு ஹிட் கூட கொடுக்கவில்லை. ஃபீல்டர்களின் தவறுகளாலும் வாக்குகளாலும் நான்கு ரன் போய், 4-0 என்று தோற்றார். சொந்த ஊர் அணி முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸில் பேட் செய்யத் தேவையில்லை என்பது விதி. அதனால் அவருக்கு எட்டு இன்னிங்ஸ்தான் கிடைத்தது. வீசாத ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு அவர் எங்கே போவார்?

2021 ஏப்ரல் 25 அன்று மேடிசன் பம்கார்னர் ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஹிட்டே கொடுக்காமல் ஜெயித்தார். ஆட்டத்தை ஏழு இன்னிங்ஸாகக் குறைத்தது லீக். ஏழுதானே என்று கழித்ததும் அதே லீக்!

இப்போது 2022 உலகத் தொடரைப் பாருங்கள். ஹூஸ்டன் அணியின் கிறிஸ்டியன் ஹாவியர் ஆறு இன்னிங்ஸ் வீசினார். மீதி மூன்றை மூன்று பேர் ஆளுக்கு ஒன்றாக முடித்தார்கள். அது அதிகாரபூர்வ நோ-ஹிட்டர். நான்கு பேர் பங்கு போட்டால் செல்லும். தனி ஆளாக, தன் ஆட்டம் முழுக்க ஹிட் கொடுக்காமல் வீசினால் செல்லாது!

13வது இன்னிங்ஸில் ஹாடிக்ஸ் ஹிட் கொடுத்தார், அது உண்மைதான். ஆனால் ஒரு ஆட்டத்துக்குத் தேவையான 27 அவுட்டை எடுத்து, அதற்கு மேல் இன்னும் ஒன்பதும் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

விதியை மாற்றட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? புதுக் கணக்குக்குப் புது விதி. முடித்துக் கையெழுத்துப் போட்ட பழைய பக்கத்தில் திருத்தம் இருந்தால் கீழே ஒரு குறிப்பு எழுதுவதுதான் கணக்கு எழுதத் தெரிந்தவன் செய்யும் வேலை. பக்கத்தையே கிழிப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.