கொலைக் கதை படித்தால் என்ன?

"குடும்பப் பெண் படிக்கிற புத்தகமா இது?" அட்டையில் துப்பாக்கியும் இருட்டுமாக ஒரு நாவலை நாம் கையில் எடுத்தால் போதும், வீட்டில் யாராவது ஒருத்தர் இப்படிக் கேட்டுவிடுவார்கள். சமையல் குறிப்பு படித்தால் யாரும் வாயைத் திறப்பதில்லை. கொலை என்றால் மட்டும் முகம் சுளிப்பு! ஆனால் சகோதரிகளே, இந்தக் கதைகள் நம்மை ஏன் இப்படி இழுக்கின்றன என்று யோசித்ததுண்டா?

குற்றக் கதையில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, அகதா கிறிஸ்டி எழுதிய மாதிரி புதிர்க் கதை. பங்களாவில் ஒரு பிணம், பத்துப் பேர் மேல் சந்தேகம், கடைசியில் முடிச்சு அவிழும். நாமும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். இன்னொரு ரகம், 1920, 30-களில் அமெரிக்காவில் கிளம்பியது. அதில் புதிரை விட மனுஷ சுபாவம்தான் முக்கியம். பணமுடை, பேராசை, பொய் எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுவார்கள்.

இதை எழுதியவர்களும் அடிபட்டு எழுந்தவர்களே. டாஷியல் ஹாமெட் நிஜமாகவே துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ரேமண்ட் சாண்ட்லர் எண்ணெய்க் கம்பெனி வேலை போன பிறகு, நாற்பதைத் தாண்டி எழுத உட்கார்ந்தவர். முதல் நாவல் 'தி பிக் ஸ்லீப்' 1939-ல் வந்தபோது அவருக்கு வயது 50. "இனிமே நமக்கென்ன இருக்கு" என்று அலுத்துக்கொள்கிற நாற்பது வயதுக்காரிகள் கவனிக்க!

நமக்கு மிக நெருக்கமானவர் ஜேம்ஸ் எம். கெய்ன். அவர் 1941-ல் எழுதிய 'மில்ட்ரெட் பியர்ஸ்' கதையின் நாயகி துப்பறிபவள் இல்லை, நம்மைப் போல ஒரு இல்லத்தரசி. ஊர், கலிஃபோர்னியாவில் க்ளெண்டேல். பொருளாதார மந்தத்தில் கணவனுக்குத் தொழில் படுத்துவிடுகிறது, அவன் வீட்டை விட்டும் போய்விடுகிறான். இரண்டு பெண் குழந்தைகள். அவள் கையில் இருப்பது கேக்கும், பழம் வைத்துச் சுடும் 'பை'யும் செய்கிற கைப்பக்குவம் மட்டுமே.

ஓட்டலில் பரிமாறுகிற வேலைக்குப் போகிறாள். மூத்த மகள் வேடாவுக்கு அது தெரியக் கூடாது என்று சீருடையை ஒளித்து வைக்கிறாள். வேடாவோ அதைக் கண்டுபிடித்து, வேலைக்காரப் பெண்ணுக்கு மாட்டி விடுகிறாள். பெற்ற மகள் முன்னால் தலை குனியக் கூடாதே என்று, "சொந்தமா ஓட்டல் வைக்கத்தான் தொழில் கத்துக்கறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறாள் மில்ட்ரெட். பிறகு அதையே நிஜமாக்கியும் காட்டுகிறாள். ஆனால் எவ்வளவு சம்பாதித்துக் கொட்டினாலும் மகளுக்குத் தாய் மேல் இளக்காரம்தான். கடைசியில் தாயின் இரண்டாம் கணவனோடே மகள் போய்விடுகிறாள்.

வேடிக்கை என்னவென்றால், நாவலில் கொலையே கிடையாது! 1945-ல் மைக்கேல் கர்டிஸ் படமாக எடுத்தபோது முதல் காட்சியிலேயே துப்பாக்கி வெடிக்கிறது. சுட்டது யார் என்ற கேள்வியோடு கதை பின்னோக்கிப் போகிறது. மகள் செய்த கொலையைத் தாய் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள். குற்றவாளி தண்டனை இல்லாமல் தப்புவதாகக் காட்டக் கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. படத்தில் வேடா பிடிபடுகிறாள். நாவலிலோ ஜம்மென்று ஊரை விட்டே போய்விடுகிறாள். கறுப்பு வெள்ளையில் நிழலும் வெளிச்சமுமாக எடுத்த அந்தப் படத்தில் நடித்த ஜோன் க்ராஃபோர்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 2011-ல் கேட் வின்ஸ்லெட் நடித்துத் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, கொலையை விட்டுவிட்டு நாவலை ஒட்டியே எடுத்தார்கள்.

இரண்டில் எது பயங்கரம்? என்னைக் கேட்டால் கொலை இல்லாத நாவல்தான். துப்பாக்கி வெடித்தால் போலீஸ் வரும். மகள் தாயைத் துச்சமாகப் பார்க்கிற பார்வைக்கு எந்தப் போலீஸ் வரும்?

நம்மை இழுப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். கெய்னின் இன்னொரு கதையான 'டபுள் இண்டெம்னிட்டி'யில் ஓர் இன்ஷூரன்ஸ் பாலிசிதான் கொலைக்கு வித்து. நம் பீரோவிலும்தான் பாலிசி இருக்கிறது! விபரீதம் எங்கோ இருட்டுச் சந்தில் இல்லை, கடன் பாக்கியிலும், சொல்லாமல் மறைத்த பொய்யிலும் முளைக்கிறது என்று இந்தக் கதைகள் காட்டுகின்றன. "எல்லாம் சரியாயிடும்" என்று நாள் முழுக்க மற்றவர்களைத் தேற்றுகிறவள் நாம். சரியாகாததும் உண்டு என்று ஒரு புத்தகம் ஒளிக்காமல் சொல்லும்போது, மனசுக்கு ஒரு ஆறுதல்.

அதற்காகச் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் இவற்றைப் போட்டு வைக்காதீர்கள். ராத்திரி தனியாக இருக்கும்போது படித்துப் பயந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். வளர்ந்த பெண்ணோ பிள்ளையோ இருந்தால், 'மில்ட்ரெட் பியர்ஸ்' படத்தைக் கூட உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும், "அந்த அம்மா எந்த இடத்திலே 'இல்லை'ன்னு சொல்லியிருக்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பதுதான் பாசம் என்று நினைக்கிற நமக்கும் அந்தக் கேள்வி தேவைதான்.