மெட்டமைத்தவர் பெயரும் பதிவாகட்டும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இசை பயிலும் பிள்ளைகள் சேர்ந்து பாடுவதென்றால் முதலில் வருவது அன்னமய்யா சங்கீர்த்தனம்தான். கல்லூரிக் கோஷ்டிகளின் பாட்டு இப்போது மேடையோடு நின்றுவிடுவதில்லை. அது பதிவாகிறது, அதைக் கேட்டே அடுத்த ஊர்ப் பிள்ளைகள் பாடம் செய்கிறார்கள். பதிவே பாடாந்தரமாகிவிட்ட காலத்தில், அதோடு நாம் தரும் விவரம் முழுமையாக இருக்க வேண்டும்.

அன்னமய்யாவின் (1408–1503) பாடல்கள் திருமலைக் கோயிலின் செப்பேடுகள் வழியே நமக்குக் கிடைத்தன. எஞ்சியிருப்பவை 12,000-க்கும் மேல். செப்பேடு தருவது சாகித்தியமும் ராகப் பெயரும், சுரக்குறிப்பு கிடையாது. நாம் இன்று பாடும் மெட்டுகளில் பெரும்பாலானவை ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் போன்ற 20-ஆம் நூற்றாண்டு வித்வான்கள் அமைத்தவை.

'நானாடி பதுகு' பாடலுக்குச் செப்பேட்டு ராகம் முகாரி. நேதுநூரி அதை ரேவதியில் அமைத்தார். இன்று ரேவதியை விட்டு அந்தப் பாட்டை நினைக்கவே முடிவதில்லை. சரி, முகாரிக்கே திரும்பினால்? 1550-இல் ராமாமாத்யர் 'சுரமேளகலாநிதி'யில் சொல்லும் முகாரி சுத்த சுரங்களால் ஆனது, இன்றைய கனகாங்கிக்கு நிகரானது. நாம் பாடும் முகாரியோ கரஹரப்ரியாவின் ஜன்யம். ஆக, எந்த வழியில் போனாலும் நம் தேர்வு ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. தேர்வு செய்வதில் தவறில்லை. அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

பரோக் காலத்துத் தேவாலய இசையைப் பாடும் ஐரோப்பியக் கல்லூரிக் குழுக்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அந்தக் காலப் பிரதிகளில் பக்க இசைக்குக் கீழ்ச்சுர வரியும் அதன்மேல் எண்களும் மட்டுமே இருக்கும். மீதியை வாசிப்பவர் நிரப்ப வேண்டும். பரோக் இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளுக்கு 1954 முதல் 2007 வரை வெளிவந்த புதிய பதிப்பில், பதிப்பாசிரியர் சேர்த்தவை பார்த்தவுடன் தெரியும்படி வேறுபடுத்தி அச்சிடப்பட்டன. அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும்.

சுருதியும் நாம் தேர்ந்தெடுப்பதுதான். நான்கு குரல் கொண்ட பரோக் குழுவில் ஒவ்வொரு குரலுக்கும் தனி வரி உண்டு. நமக்கு ஒரே மெட்டு. ஐந்து கட்டையில் பாடும் பெண்களையும் ஒரு கட்டையில் பாடும் ஆண்களையும் மூன்று கட்டையில் கட்டிப்போட்டால், பெண்களுக்கு மந்தரம் எட்டாது, ஆண்கள் தாரஸ்தாயியில் திணறுவார்கள். பல்லவிக்கு எல்லோரும் சேரட்டும். சரணத்தின் மேல்ஸ்தாயி வரிகளைப் பெண்களுக்கும் கீழ்ஸ்தாயி வரிகளை ஆண்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். இல்லையேல் இரு கோஷ்டிகளாகப் பதிவு செய்யுங்கள்.

கோஷ்டிகளை நடத்தும் ஆசிரியர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். ஒவ்வொரு பதிவோடும் செப்பேட்டு ராகம், பாடிய ராகமும் தாளமும், மெட்டமைத்தவர் பெயர், சுருதி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது, இதுவரை மெட்டமைக்கப்படாத சங்கீர்த்தனம் ஒன்றை எடுத்து உங்கள் கல்லூரியிலேயே மெட்டமைத்துப் பாடவையுங்கள். அதில் உங்கள் பெயரையும் தயங்காமல் போடுங்கள். அன்னமய்யா தந்தது எது, தன் ஆசிரியர் சேர்த்தது எது என்று பாடம் செய்யும் பிள்ளைக்குத் தெரிந்தால்தான், நாளை அந்தப் பிள்ளையும் துணிந்து ஒரு மெட்டு அமைக்கும்.