தலையைப் படித்து விலை சொல்கிறவர்கள்

சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டில் ஒரு சம்பவம் நடந்தது. சம்பவம் என்று சொல்வதுகூட அதிகம்தான். அங்கிருந்தவர்களில் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் அது இப்போது நினைவிருக்காது. ஒருவன் அந்த வீட்டுப் பையன், இன்னொருவன் நான்.

பையனுக்குப் பதினாறு வயது. ஒரு வருஷம் காசு சேர்த்து, போதாததற்குப் பாட்டியிடமும் கேட்டு வாங்கி, ஒரு எலெக்ட்ரிக் கிதார் வாங்கியிருந்தான். மலிவான ரகம். பெண்டர் கம்பெனியார் ஸ்கொயர் என்ற பெயரில் விற்கிறார்களே, அது. வந்திருந்தவர்களில் ஒருவர் சங்கீத விஷயங்களில் அபிப்பிராயம் சொல்லிச் சொல்லியே பெரிய மனிதரானவர். பையன் ஆசையோடு வாத்தியத்தை அவர் கையில் கொடுத்தான். அவர் அதன் தலையில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். "ஓ, இதுவா? கத்துக்கறதுக்குப் போதும்" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு தந்தியைக்கூட அவர் விரல் தொடவில்லை.

பையன் அதை உறைக்குள் வைத்து மூடினான். அன்று அவன் வாசிக்கவே இல்லை.

எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. மாம்பழம் வாங்குகிறவன்கூட முகர்ந்து பார்க்கிறான். புடவை வாங்குகிறவள் முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கிறாள். காதால் அறிய வேண்டிய ஒரு வஸ்துவை மட்டும் கண்ணால் படித்துவிட்டு மதிப்புச் சொல்லலாமா?

கேட்டால், "நல்ல மரம் இல்லாமல் நல்ல நாதம் எங்கிருந்து வரும்?" என்பார்கள். இந்த நம்பிக்கை நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தஞ்சாவூர் வீணையிலிருந்து வந்தது. அங்கே பலாமரமும் அதைக் குடைந்த குடமும்தான் தந்தியின் மெல்லிய அதிர்வை வாங்கி நாதமாக்கிச் சபைக்குக் கொடுக்கின்றன. எலெக்ட்ரிக் கிதாரின் சேதி வேறு. எஃகுத் தந்தி அதிர்கிறது. அதன் அடியில் மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய காந்தம் ஒன்று இருக்கிறது. அந்த அதிர்வு கம்பியிலே மின்சாரமாகப் பிறந்து, ஆம்ப்ளிஃபயருக்குப் போய், ஒலிபெருக்கியில் நாதமாகிறது. மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அது பற்றிச் சண்டை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் காந்தத்தையும் ஆம்ப்ளிஃபயரையும் மறந்துவிட்டு மரத்தை மட்டும் பேசுவது, சமையற்காரரை விட்டுவிட்டு விறகைப் புகழ்கிற கதைதான்.

அமெரிக்காவில் நேதன் டேனியல் என்றொருவர் இருந்தார். அவருடைய டேனெலெக்ட்ரோ கம்பெனி 1950-களில் மெல்லிய மரச் சட்டத்தின்மேல் மேசோனைட் என்னும் அழுத்திய மரநார் அட்டையை ஒட்டிக் கிதார் செய்தது. காந்தச் சுருளை மூடுவதற்கு உதட்டுச்சாயக் குழாய்! வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமான உதட்டுச்சாயக் குழாய்தான். சியர்ஸ் என்ற பெரிய கடைக்காரர்கள் அதை சில்வர்டோன் என்று பெயரிட்டுத் தபாலில் விற்றார்கள். 1962-ல் வந்த ஒரு மாடலில் கிதார் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் அடங்கியிருந்தது. ஏழை வீட்டுப் பையன்களின் வாத்தியம் அது. லெட் ஸெப்லின் குழுவின் ஜிம்மி பேஜ், 'காஷ்மீர்' என்ற பாட்டை ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால் வாசிக்கையில், எந்தக் கிதாரையும் வாங்க வசதியுள்ளவர், டேனெலெக்ட்ரோவைத்தான் தோளில் மாட்டிக்கொண்டார். நம் பெரிய மனிதர் அங்கே இருந்திருந்தால், அவரிடமும் "கத்துக்கறதுக்குப் போதும்" என்று சொல்லியிருப்பாரோ என்னவோ!

சரி, இவர்கள் கும்பிடுகிற அந்தப் பெரிய பெயரின் பூர்வோத்தரம் என்ன? லியோ பெண்டர் கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாது. 1950-ல் அவர் செய்து விற்ற வாத்தியம், பலகை ஒன்றில் கழுத்தை நாலு திருகாணி போட்டு முடுக்கிய சாமான். தொழிற்சாலையில் வேகமாகவும் மலிவாகவும் செய்வதற்கென்றே போட்ட திட்டம் அது. பழைய பாணிக் கிதார்க்காரர்கள் அதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். 1965-ல் கம்பெனி கைமாறியது. அதற்கு முன் செய்தவையெல்லாம் இன்று விக்கிரகங்களாகிவிட்டன. 1982-ல், ஜப்பானியரின் மலிவு நகல்களோடு போட்டி போடுவதற்காக, அதே கம்பெனி ஜப்பானிலேயே ஸ்கொயர் கிதார்களைச் செய்வித்தது. அந்த முதல் வருஷங்களின் ஸ்கொயர்களை இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். நேற்றைய மலிவுச் சரக்கு இன்றைய பூஜைப் பொருள்!

இதற்காக, மலிவானதெல்லாம் உயர்ந்தது என்று கொடி பிடிக்கிறவர்களோடும் எனக்கு உறவில்லை. மலிவில் குறை உண்டு. நிறைய உண்டு. காசை மிச்சம் பிடிக்கிறவன் கடைசி அரைமணி நேர உழைப்பில்தான் மிச்சம் பிடிக்கிறான். தலைக்கும் கழுத்துக்கும் நடுவே தந்தி தங்குகிற சிறு கட்டையின் பள்ளங்களைப் போதிய ஆழம் அராமல் விட்டுவிடுவான். முதல் மெட்டில் அழுத்தினாலே விரல் புண்ணாகும், சுருதியும் ஏறிப் போகும். மெட்டுகளின் முனையைத் தேய்க்காமல் விட்டிருப்பான். கழுத்தின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினால் முள் மாதிரி கீறும். கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், வளைசல் தெரியும். ஒவ்வொரு மெட்டிலும் மீட்டுங்கள், எங்கே இரைகிறது என்று தெரியும். 12-வது மெட்டுக்கு நேரே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு மணியோசை வரும். அங்கேயே அழுத்தி மீட்டினால் வருகிற ஸ்வரம் அதோடு ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குதிரையில் ஒரு திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் மட்டும், எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் வேண்டாம்.

இத்தனையும் பார்க்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் அந்த மனிதர் பையனுக்குக் கொடுக்க மறுத்தார்.

இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பையன் 1963-ல், வாங்கப் பணமில்லாமல், தகப்பனாரோடு சேர்ந்து தானே ஒரு கிதார் செய்யத் தொடங்கினான். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். உள்ளே மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். காந்தங்களையும் தானே சுற்றிப் பார்த்தான். காதுக்குத் திருப்தியாக இல்லை. அதை மட்டும் காசு கொடுத்து வாங்கிப் பொருத்தினான். எதில் சிக்கனம் செய்யலாம், எதில் கூடாது என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டை மாடியில் நின்று, ராணியின் பொன்விழாவுக்கு அவர் தேசிய கீதம் வாசித்தது அந்தக் கிதாரில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீட்டுக்கு மறுபடி போனேன். கிதார் உறைக்குள்ளேயே இருந்தது. வெளியே எடுக்கச் சொன்னேன். கழுத்து நேராக இருந்தது. முதல் மெட்டில்தான் வில்லங்கம். ஆறு தந்திகளும் எக்கி நின்றன. இருவருமாக ஒரு ரிப்பேர்க்காரரிடம் எடுத்துப் போனோம். அவர் பெயரைப் படிக்கவில்லை. கண்ணருகே தூக்கிப் பார்த்தார், மீட்டினார், மெல்லிய அரத்தை எடுத்து ஆறு பள்ளங்களையும் அராவினார், மறுபடி மீட்டிக் காட்டினார்.

"இதுக்கு முன்னாடி இதிலே எப்படித் தம்பி வாசிச்சே?" என்று கேட்டார்.

"வலிக்கும் சார். எனக்குத்தான் வரலைன்னு நினைச்சேன்" என்றான் பையன்.