விற்றது வீட்டில்; வில்லங்கம் வழியில்! பழைய பொருள் 'ஆன்லைன்' விற்பனையில் பொறுப்பு யாருக்கு?

- நமது டில்லி நிருபர் -

புதுடில்லி: பழைய பொருட்களை ஆன்லைன் மூலம் விற்பது எளிதாகி விட்டது. ஆனால், விற்ற பொருளை வாங்கியவரிடம் கொண்டு சேர்ப்பது யார் பொறுப்பு, வழியில் கெட்டாலோ, தொலைந்தாலோ, பணம் வராமல் போனாலோ நஷ்டம் யாருக்கு என்ற கேள்விகளுக்கு மத்திய அரசின் சட்டங்களில் ஒரே குரலில் விடை இல்லை. 1930ம் ஆண்டு சட்டம் ஒன்று சொல்கிறது. 2020ம் ஆண்டு விதிகள் ஒதுங்கிக் கொள்கின்றன. மோட்டார் வாகனச் சட்டமோ, பொருள் கைமாறிய பிறகும் விற்றவரை விடுவதில்லை. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் சித்தூர், திருப்பதி பகுதியில் இந்தச் சிக்கலின் எல்லா முகங்களையும் பார்க்க முடிகிறது.

எல்லைப்புற சந்தை

ஒன்றாக இருந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022ம் ஆண்டு ஏப்ரல் 4ம் தேதி திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு, 2015ல் துவக்கப்பட்ட ஐ.ஐ.டி.,யும், ஐசர் கல்வி நிறுவனமும் திருப்பதியில் உள்ளன. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருவோரும், வேலை மாறிப் போவோரும் ஏராளம். படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மாணவர், இடம் மாறும் தொழிலாளி ஆகியோரின் இரு சக்கர வாகனம், கட்டில், மடிக்கணினி, மொபைல் போன் ஆகியவையே பழைய பொருள் சந்தையின் சரக்கு. வாங்குபவர் வேலூரிலோ, சென்னையிலோ, பெங்களூரிலோ இருக்கலாம். விளம்பரத்துக்கு மாநில எல்லை கிடையாது, பொருளுக்கு உண்டு. சிக்கல் இங்கு தான் துவங்குகிறது.

தேவஸ்தானம் தரும் பாடம்

இப்பகுதியில் பழைய பொருட்களை ஆன்லைனில் விற்கும் பெரிய விற்பனையாளர் என்று பார்த்தால், அது திருமலை திருப்பதி தேவஸ்தானமே. பக்தர்கள் உண்டியலில் செலுத்தும் கைக்கடிகாரங்கள், மொபைல் போன்கள், காணிக்கையாக வரும் வஸ்திரங்கள் ஆகியவற்றை ஆந்திர அரசின் 'கொனுகோலு' இணையதளம் வாயிலாக 'லாட்' கணக்கில் தேவஸ்தானம் ஏலம் விட்டு வருகிறது. பயன்படுத்தியவை, ஓரளவு சேதமடைந்தவை என்று அறிவிப்பிலேயே வெளிப்படையாகக் குறிப்பிடப்படுகிறது. இத்தகைய ஏலங்களின் பொதுவான விதி, 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்பது. முன்வைப்புத் தொகை கட்டியவரே ஏலம் கேட்கலாம். பணத்தைச் செலுத்திவிட்டு, பொருளை எடுத்துச் செல்வது வாங்கியவர் பாடு. விற்பவருக்கு அனுப்பும் தலைவலியே இல்லை.

ஆனால், அந்த வழியிலும் ஒரு கேள்வி மிச்சம் இருப்பதை 2021ம் ஆண்டு காட்டியது. அந்த ஆண்டு பிப்ரவரியில், மிசோரம் மாநிலத்தில் மியான்மர் எல்லையை ஒட்டிய பகுதியில், 120 மூட்டை தலைமுடியை அசாம் ரைபிள்ஸ் படையினர் கைப்பற்றினர். அது திருப்பதியில் இருந்து வந்தது என்ற செய்தி பரவியதும், ஆந்திராவில் ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் இடையே வார்த்தைப் போர் மூண்டது. பக்தர்களின் முடிக் காணிக்கையை இ - ஏலத்தில் விற்பதோடு தங்கள் பங்கு முடிந்து விடுகிறது. வாங்கியவர் அதை எங்கே கொண்டு செல்கிறார் என்பதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று தேவஸ்தானம் விளக்கம் அளித்தது. சட்டப்படி அந்த விளக்கம் செல்லும். ஆயினும், கடத்தல் புகார்கள் தொடர்ந்ததை அடுத்து, 2022 ஜனவரியில் தலைமுடி ஏற்றுமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் மத்திய அரசு சேர்க்க வேண்டி வந்தது. விற்பவரின் பொறுப்பு எங்கே முடிகிறதோ, அங்கே அரசின் பொறுப்பு துவங்கியாக வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஆங்கிலேயர் கால விடை

தேவஸ்தானம் போன்ற நிறுவனத்துக்கு ஏல விதி உண்டு. பழைய குளிர்சாதனப் பெட்டியை விற்கும் குடும்பத் தலைவிக்கு என்ன உண்டு? அவருக்குத் துணை நிற்பது, 1930ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் மட்டுமே. தனி ஒப்பந்தம் இல்லாத நிலையில், விற்கும் நேரத்தில் பொருள் எங்கே இருக்கிறதோ, அங்கேயே ஒப்படைத்தால் போதும் என்கிறது, அதன் 36வது பிரிவு. பொருளைக் கொடுப்பதும், பணத்தைப் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்கிறது, 32வது பிரிவு. வாங்குபவருக்கு அனுப்பி வைக்குமாறு லாரி, பார்சல் நிறுவனத்திடம் ஒப்படைத்து விட்டால், முதல் நோக்கில் அது வாங்கியவரிடமே ஒப்படைத்ததாகக் கருதப்படும் என்கிறது, 39வது பிரிவு. ஆனால், பொருளின் தன்மைக்கு ஏற்ற பாதுகாப்பான ஏற்பாட்டை விற்பவர் செய்யாமல் விட்டு, வழியில் அது கெட்டால், ஒப்படைத்ததாக ஏற்க வாங்கியவர் மறுக்கலாம்.

நேருக்கு நேர் நடக்கும் சந்தைக்கு இது போதுமானது. மாட்டுச் சந்தையில் கயிற்றைக் கொடுத்துப் பணத்தை வாங்குவது போல, ஒரு கை கொடுக்க, மறு கை வாங்கும். ஆன்லைனில் இந்த 'ஒரே நேரம்' உடைந்து போகிறது. முதலில் பணமா, முதலில் பொருளா என்ற இழுபறியில், யார் முந்துகிறாரோ, அவரே ஏமாறும் ஆபத்தில் இருக்கிறார்.

ஒதுங்கும் விதிகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன் கீழ், 2020ம் ஆண்டு ஜூலையில் மின் வணிக விதிகள் அறிவிக்கப்பட்டன. பொருளை அனுப்புதல், திருப்பி எடுத்தல், பணத்தைத் திரும்பத் தருதல், குறைதீர் அதிகாரியை நியமித்தல் என்று பல கடமைகளை அவை பேசுகின்றன. ஆனால், தொழிலாக அல்லாமல், தனிப்பட்ட முறையில் ஒருவர் செய்யும் விற்பனைக்கு அந்த விதிகள் பொருந்தாது என்று துவக்கத்திலேயே விலக்கு தரப்பட்டுள்ளது. வீட்டுப் பொருளை எப்போதோ ஒரு முறை விற்பவரைக் கடை முதலாளி போல நடத்தக் கூடாது என்ற நோக்கம் நியாயமானது தான். அதன் விளைவு, விற்பவருக்கும் காப்பு இல்லை. அவரிடம் வாங்குபவருக்கும் காப்பு இல்லை.

விளம்பரம் வெளியிடும் தளங்களுக்கோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79வது பிரிவு கேடயமாக நிற்கிறது. இடைத்தரகராக மட்டும் செயல்பட்டு, உரிய கவனத்தோடு நடந்து கொண்டால், மற்றவர் இடும் பதிவுகளுக்கு அவை பொறுப்பல்ல. 2004ம் ஆண்டு டில்லியில், 'பாஸீ' ஏலத் தளத்தின் தலைமை அதிகாரி, பயனீட்டாளர் ஒருவரின் ஆபாச 'வீடியோ' விற்பனை விளம்பரத்திற்காகக் கைதானது நாட்டையே உலுக்கியது. அதற்குப் பின், 2008ல் நிறைவேறி, 2009ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் இந்தப் பாதுகாப்பை விரிவாக்கியது. தளம் ஒதுங்குகிறது, விதியும் ஒதுங்குகிறது. நடுவில் நிற்பது, சாதாரண குடும்பம்.

மோசடிக்குத் திறந்த கதவு

இந்த வெற்றிடத்தில் தான் மோசடிக் கும்பல்கள் குடியேறியுள்ளன. ராணுவத்தில் இருப்பதாகவும், பணி மாற்றலாகிப் போவதாகவும் கூறி, குறைந்த விலைக்கு வாகனம் தருவதாக ஆசை காட்டுவது ஒரு வகை. ராணுவப் பார்சலில் வண்டி புறப்பட்டு விட்டது, அதற்கான கட்டணத்தை முதலில் கட்டுங்கள் என்று தவணை தவணையாகக் கறப்பர். வண்டி வரவே வராது. இன்னொரு வகை, விற்பவரைக் குறி வைப்பது. விலை பேசாமல் ஒப்புக்கொள்வர். ஆள் அனுப்பி எடுத்துக் கொள்வதாகச் சொல்வர். பணம் அனுப்புவதாகக் கூறி, 'க்யூ.ஆர்., கோடு' ஒன்றை அனுப்புவர். அதை 'ஸ்கேன்' செய்து, ரகசிய எண்ணை இட்டதும், விற்பவரின் கணக்கில் இருந்தே பணம் போய்விடும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்பது தெரிந்தால் இந்த மோசடி பலிக்காது.

யு.பி.ஐ.,யில் தனி நபர்களுக்கு இடையே 'பணம் கேட்கும்' வசதியை, 2025 அக்டோபர் 1 முதல் தேசிய பணப் பட்டுவாடா கழகம் நிறுத்தியது. நல்ல நடவடிக்கை தான். ஆயினும், 'க்யூ.ஆர்., கோடு' வழி அப்படியே இருக்கிறது. ஏமாந்தவர்கள் புகார் தர மத்திய உள்துறை வைத்துள்ள உதவி எண் 1930. சரக்கு விற்பனைச் சட்டம் பிறந்த ஆண்டும் அதுவே என்பது தற்செயல். சட்டம் கைவிட்ட இடத்தில், தொலைபேசி எண் தான் கைகொடுக்க வேண்டியுள்ளது.

பொருள் போனது, பெயர் போகவில்லை

இதை விடப் பெரிய சிக்கல், வாகன விற்பனையில் உள்ளது. வண்டியையும், சாவியையும் கொடுத்து, பணத்தையும் எண்ணி வாங்கிய பிறகும், சட்டத்தின் கண்ணில் ஒப்படைப்பு முடிவதில்லை. பதிவுச் சான்றிதழில் பெயர் மாறும் வரை விற்றவரே உரிமையாளர். 2018ம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு இதை உறுதி செய்தது. 2007ல் விற்கப்பட்டு, பலர் கைமாறிய கார் ஒன்று, 2009ல் விபத்தில் சிக்கியது. பதிவில் யார் பெயர் இருந்ததோ, அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று கோர்ட் கூறியது. விபத்தில் பாதிக்கப்பட்டவர், உண்மையான உரிமையாளரைத் தேடி, ஒவ்வொருவராகத் துரத்திக் கொண்டிருக்க முடியாது என்பதே அதன் நியாயம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50வது பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றால், 14 நாட்களில் விற்றவர் தகவல் தர வேண்டும் என்கிறது. வேறு மாநிலத்தவருக்கு விற்றால், 45 நாட்களுக்குள் தடையின்மைச் சான்றுடன் தெரிவிக்க வேண்டும். 'ஏபி 03' என்ற சித்தூர் பதிவு எண் கொண்ட பைக்கை, வேலூர்காரரிடம் விற்பவர், ஒரு மணி நேரத்தில் வண்டியைக் கொடுத்து விடலாம்; காகிதம் போய்ச் சேர வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் நடக்கும் விபத்துக்கும், குற்றத்துக்கும் சம்மன் வருவது சித்தூர் முகவரிக்கே.

பதிவு பெற்ற பழைய வாகன முகவரிடம் ஒப்படைத்தால், அதை ஆன்லைனில் தெரிவித்து, அவரையே உரிமையாளராகக் கருதும் முறை, 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தனி நபர் நேரடியாக விற்கும் போது இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வியாபாரிக்குக் கொடுத்தால் விடுதலை. பக்கத்து ஊர்க்காரருக்குக் கொடுத்தால் காத்திருப்பு என்பது என்ன நியாயம் என்ற கேள்வி எழுகிறது.

மொபைல் போனில் சிக்கல் தலைகீழ். இங்கே மாட்டிக் கொள்வது, வாங்கியவர். திருட்டுப் பொருளை விற்றவருக்கு இல்லாத உரிமை, வாங்கியவருக்கும் வராது. தொலைந்த போன்களைத் தேடித் தர, திருப்பதி போலீசாரும், சித்தூர் போலீசாரும் வாட்ஸ் ஆப் வழியே புகார் பெறும் ஏற்பாட்டைச் செய்துள்ளனர். இப்படிப் போன்கள் மீட்கப்படும் போது, அறியாமல் விலை கொடுத்து வாங்கியவர், பணத்தையும் போனையும் சேர்த்து இழக்க நேரிடும். '*#06#' என்று அழுத்தினால் கிடைக்கும் ஐ.எம்.இ.ஐ., எண்ணை, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும்.

என்ன செய்ய வேண்டும்?

வழி தெரியாத சிக்கல் அல்ல இது. பார்சலைக் காட்டி, பணத்தை வாங்கி, அனுப்பியவரிடம் சேர்த்த, 'வி.பி.பி.,' முறை தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. 'ஈபே இந்தியா' நிறுவனம், 'பைசா பே' என்ற பெயரில், வாங்குபவரின் பணத்தை நடுவில் வைத்திருந்து, பொருள் சேர்ந்த பின் விற்பவருக்குத் தந்தது. அந்தத் தளம், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இரண்டிலும் ரகசியம் ஒன்றே. இருவரும் நம்பும் மூன்றாமவர் ஒருவர் நடுவில் நின்றார்.

இன்று தபால் துறை அரசின் கையில், யு.பி.ஐ., ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில்; வாகனப் பதிவு முழுவதும் கம்ப்யூட்டரில். இவற்றை இணைத்து, பொருள் கிடைத்ததாக வாங்கியவர் உறுதி செய்த பின் பணம் விடுவிக்கப்படும் வசதியைத் தனி நபர்களுக்கும் தர முடியும். வண்டியை ஒப்படைத்த அன்றே விற்றவர் ஆன்லைனில் பதிவு செய்தால், அன்று முதல் அவரது பொறுப்பு முடியும் என்று சட்டத்தைத் திருத்த முடியும். இரண்டுக்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. நுகர்வோர் விவகாரம், தபால், போக்குவரத்து, நிதி ஆகிய அமைச்சகங்கள் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

பெரிய நிறுவனங்களின் தள்ளுபடி விற்பனை பற்றி பார்லிமென்டில் பலமுறை விவாதம் நடந்துள்ளது. பழைய கட்டிலையும், பழைய பைக்கையும் விற்கும் லட்சக்கணக்கான குடும்பங்களுக்காகப் பேச, சங்கமும் இல்லை, நிறுவனமும் இல்லை. ஆந்திரா, தமிழகம், கர்நாடகா என்று மூன்று மாநில எம்.பி.,க்களின் தொகுதி மக்களும் ஒரே சந்தையில் வாங்கி விற்கின்றனர். கட்சி பேதம் இல்லாமல் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.