கணக்கில் வராத கால்வாய்

2021 நவம்பரில் செய்யாறு கரைபுரண்ட நாட்களில் நமக்கு வந்த தகவல்கள் எல்லாம் ஆற்றைப் பற்றியவை. வெங்கச்சேரி தரைப்பாலம் உடைந்து காஞ்சிபுரம் – உத்திரமேரூர் சாலை துண்டிக்கப்பட்டது. பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி போகிறது என்றார்கள். எந்த ஊர்க் கரை பலவீனம், எங்கே மணல் மூட்டை அடுக்கியிருக்கிறது என்பதெல்லாம் மணிக்கு மணி தெரிந்தது. அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து உத்திரமேரூர் பெரிய ஏரிக்குப் போகும் வரத்துக்கால்வாயில் அந்த வாரம் எவ்வளவு தண்ணீர் போனது என்பதை மட்டும் நான் எங்கும் கேள்விப்படவில்லை. கேட்கவேண்டிய, நீர்ப்பாசனப் பணியில் இருக்கும் நாமும் கேட்கவில்லை.

செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து, திருவண்ணாமலை மாவட்டத்தைக் கடந்து, திருமாகறல் வழியாக வந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்கள் ஓடும். அந்தச் சில வாரங்களில் சில நாட்கள்தான் வெள்ளம். இப்படிப்பட்ட ஆற்றுக்கு வெள்ளத் தடுப்பு என்றவுடன் கரையை உயர்த்துவது, தடுப்புச் சுவர் கட்டுவது என்று மதிப்பீடு தயாரிக்கப் பழகிவிட்டோம். பல்லவர் காலத்து மனிதர்கள் ஆற்றை ஏரியோடு சேர்த்தே பார்த்தார்கள். தந்திவர்மன் காலத்தில் வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற உத்திரமேரூர்ப் பெரிய ஏரி, நாலு நாள் ஆற்றை நாலு மாதப் பாசனமாக மாற்றும் ஏற்பாடு.

நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. வினாடிக்கு 50,000 கன அடி வரும் ஆற்றிலிருந்து 200 கன அடியைக் கால்வாயில் திருப்பினால் உச்ச வெள்ளம் ஒரு விரற்கடைகூட இறங்காது. ஆனால் அதே 200 கன அடி பத்து நாள் தடையில்லாமல் ஓடினால் 17 கோடியே 28 லட்சம் கன அடி. கால்வாயின் பலன் உச்ச நாளில் இல்லை. வெள்ளம் வடியும் நாட்களில் இருக்கிறது. தொலைக்காட்சி வண்டிகள் கிளம்பிப் போன பிறகு, ஆறு தெளிந்து இடுப்பளவு, முழங்காலளவு என்று இறங்கும் அந்த இரண்டு வாரம்தான் நவரைப் பட்டத்தைத் தீர்மானிக்கிறது.

அந்த இரண்டு வாரத்தை நாம் கோட்டைவிடுவது எப்படி என்று பார்க்க, ஏதாவது ஒரு பழைய அணைக்கட்டின் தலைமதகில் புரட்டாசியில் போய் நிற்க வேண்டும். அணைக்கு மேற்புறம் மணல் முகடு வரைக்கும் மேடிட்டு, கால்வாய் வாயை அடைத்திருக்கும். மேட்டில் நாணல், அதற்குப் பின்னால் சீமைக் கருவேலம். கீழ்ப்புறத்தில் இதற்கு நேர் எதிர்: மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்து, அணையின் தளம் பள்ளத்தின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். ஷட்டரின் திருகுதண்டில் துரு, கைப்பிடியைக் காணோம். கால்வாயில் இறங்கி நடந்தால் ஒரு மைலுக்குள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய், கட்டட இடிபாடு, வண்டி போக யாரோ போட்ட சிறு குழாய்ப் பாலம் எல்லாம் வந்துவிடும். அந்தக் குழாயின் விட்டம்தான் கால்வாயின் உண்மையான கொள்ளளவு. நம் பதிவேட்டில் இருப்பது வடிவமைப்புக் கொள்ளளவு.

உத்திரமேரூர் என்றால் எல்லோரும் குடவோலைத் தேர்தலைச் சொல்கிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. முப்பது குடும்பு, ஓலை, குடம் என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். நம் தொழிலுக்கு வேண்டிய வரி வேறு. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்வுக்கு நிற்கக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. அதே ஊரில் ஏரியைத் தூர்வாரப் பொன் வைத்துப்போனவர்களின் கல்வெட்டுகளும் உண்டு. கொடையையும் கணக்கையும் அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. 1858இல் சென்னை மாகாணத்தில், ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்து வேலையைச் சட்டம் போட்டு வாங்க வேண்டிவந்தது. 2017இல் அரசு அந்தப் பெயரிலேயே திட்டம் கொண்டுவந்தது. கரை பலப்பட்டது, பல ஏரிகளில் மண் அள்ளப்பட்டது. அளவு எழுதும் பழக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே தண்ணீர் ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போகிறது. செய்யாற்றில் எடுத்தது ஏரியில் நிற்கிறது. உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி கிளியாறு, நெல்வாய் மடுவு வழியாக மதுராந்தகம் ஏரிக்குப் போய், அங்கிருந்து கிளியாறாகவே பாலாற்றில் விழுகிறது. ஏரி நிரம்பிய பிறகும் தலைமதகு திறந்தே கிடந்தால், செய்யாற்று வெள்ளத்தைக் கொண்டுபோய்க் கிளியாற்றங்கரை ஊர்களில் விடுகிறோம். ஐப்பசியில் மூடிக்கிடந்தால் தை மாதத்தில் ஏரியில் பாதிதான் தண்ணீர். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை ஆற்று மட்டத்தையும் ஏரி மட்டத்தையும் மதுராந்தகத்தின் இருப்பையும் ஒன்றாக வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். கலங்கலில் மண் வைத்து அரை அடி உயர்த்தச் சொல்லும் ஆயக்கட்டுக்காரருக்கும், உள்வாயில் பயிர் மூழ்குகிறது என்று உடைக்கச் சொல்பவருக்கும் நடுவில் நிற்கும் உதவிப் பொறியாளரின் கையில் இன்று கைப்பேசி ஒன்றுதான் இருக்கிறது.

பறவைகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். அங்கே கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் இரை தேடுவது சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல் வயல்களிலும். குஞ்சு வளரும் மாதங்களில் அந்த ஏரிகளின் ஓரம் ஈரமாக இருக்க வேண்டும். தூர்வாருகிறோம் என்று ஏரியை ஒரே ஆழத்தில் தொட்டி போல் வழித்தெடுக்கும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: முழங்காலுக்கும் குறைவாகத் தண்ணீர் நிற்கும் ஓரத்தை விட்டுவையுங்கள். கொக்கு நிற்கும் ஆழம் அதுதான்.

ஆற்றின் பயனும் மாறிவிட்டது. மழைக்காலத்துக்கு வெளியே இன்று செய்யாறும் பாலாறும் முதன்மையாகக் குடிநீர் ஆறுகள். படுகையில் போட்ட கிணறுகளை நம்பிப் பல ஊர்கள் இருக்கின்றன. வயல்காரர் போர் போட்டுவிட்டார். அதனால் ஏரிக்கு வரும் தண்ணீரைக் கேட்டு அலுவலகத்துக்கு வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். மதகு திறந்து அடைத்த கம்புக்கட்டிகளும் பல ஊரில் இல்லை. ஆயினும் அந்தப் போர்வெல்லில் ஊறுவதில் ஏரித் தண்ணீருக்கும் ஆற்று மணலில் தங்கிய தண்ணீருக்கும் பங்கு உண்டு.

ஆகவே இந்தப் பருவத்துக்கு நம் வாசகர்களிடம் ஒரு வேலை. தலைமதகுக்கு நூறு அடி கீழே, கால்வாயில் நேராக ஓடும் ஒரு பகுதியில் அளவுப் பலகை ஒன்று நடுங்கள். ஷட்டர் திறந்த நாள், நேரம், தண்ணீர் ஏரிக்குள் நுழைந்த நாள், நேரம், தினமும் காலை எட்டு மணிக்குப் பலகையில் கண்ட மட்டம், மூடிய நாள் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். அனுமந்தண்டலமோ வேறு எந்த அணைக்கட்டோ, தை பிறந்ததும் அந்தப் பக்கங்களை எங்களுக்கு அனுப்புங்கள். மாசி இதழில் அப்படியே அச்சிடுகிறோம்.